கால்நடை மருத்துவமும் விலைப்பட்டியலும்



கால்நடை மருத்துவத்தைக் குறித்துப் பேசுவோர் நோயைப் பற்றிச் சொல்வர். மருந்தைப் பற்றிச் சொல்வர். தீவனத்தைப் பற்றியும் சொல்வர். அதன் விலையைப் பற்றி வாய் திறப்பவர் அரியர். காசு பேசுவது மருத்துவருக்கு அழகன்று என்று ஓர் எண்ணம் நம்மிடம் இருக்கிறது. ஆயினும் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் மாடு வைத்திருந்து அதனைப் பறிகொடுத்த எவரையேனும் அணுகி, ஏன் உரிய நேரத்தில் மருத்துவரை அழைக்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். "எவ்வளவு ஆகுமோ என்று இருந்துவிட்டேன்" என்ற விடையே பெரும்பாலும் வரும். 'எவ்வளவு ஆகுமோ' என்ற இந்த ஐயம் எத்தனை தொழுவங்களை வெறுமையாக்கியிருக்கிறது என்பதற்குக் கணக்கில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்த ஐயத்தைப் பற்றியும், அதனைத் தீர்ப்பதற்கு இக்காலக் கணினி எவ்வாறு துணை செய்யக்கூடும் என்பதைப் பற்றியுமே ஆகும்.

அரசின் கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. அங்கே ஏழை உழவர் கட்டணமின்றி மருத்துவம் பெறலாம். 1962 என்ற எண்ணைத் தொலைபேசியில் அழைத்தால் நடமாடும் மருத்துவ ஊர்தி வருகிறது. 1903ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரி தொட்டு, நம் எல்லைக்கு அடுத்த தலைவாசலில் அண்மையில் எழுந்துள்ள கல்லூரி ஈறாக, மருத்துவர்களை உருவாக்கும் நிலையங்களும் பெருகியுள்ளன. ஆயினும் நோய் நேரம் பார்த்து வருவதில்லை. நள்ளிரவில் கன்று குறுக்கே நின்றுவிட்டால், உழவர் அருகிலுள்ள தனியார் மருத்துவரைத்தான் நாடுகிறார். 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கப்பெற்ற பின்னர் நகரமும் வளர்ந்தது. நாய் பூனை வளர்ப்போர் தொகையும் வளர்ந்தது. தனியார் கால்நடை மருத்துவமனைகளும் தோன்றலாயின. அவற்றுள் சில, நோயாளிப் பதிவேடும் மருந்து இருப்பும் பற்றுச்சீட்டும் எழுதுவதற்கென்றே அமைந்த மென்பொருளைக் கணினியில் வைத்துக்கொண்டுள்ளன.

என்னிடம் படித்த மாணவி ஒருவர் இன்று கால்நடை மருத்துவர். தம் மருத்துவமனைக் கணினியில் விலைப்பட்டியலை ஏற்றும் வேலை வந்தபோது, "ஐயா, மருந்து எனக்குத் தெரியும், விழுக்காட்டுக் கணக்கும் தமிழ்ப் பெயர்களும் நீங்கள் பார்த்துத் தாருங்கள்" என்றார். சில மாலைப் பொழுதுகள் அவருடன் அமர்ந்தேன். இலாப நட்டக் கணக்கைக் கரும்பலகையில் நெடுங்காலம் கற்பித்தவனுக்கு, அதே கணக்கு ஒரு பசுவின் உயிரோடு பிணைந்து நிற்பதைப் பார்த்தது புதுமையாக இருந்தது.

முன்பு வழக்கம் எவ்வாறு இருந்தது? மருத்துவர் வருவார், மாட்டைப் பார்ப்பார், இரண்டு ஊசிகள் போடுவார், "எழுநூறு கொடுங்கள்" என்பார். அந்த எழுநூற்றில் மருந்துக்கு எவ்வளவு, உழைப்புக்கு எவ்வளவு, வண்டிச் செலவுக்கு எவ்வளவு என்பது கொடுப்பவருக்குத் தெரியாது. பல வேளைகளில் வாங்குபவருக்கும் தெரியாது! இப்பழக்கத்தில் தீய நோக்கம் ஏதும் இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதே உழவர் பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றச் சென்றால் என்ன நடக்கிறது? கொழுப்பு இவ்வளவு, கொழுப்பற்ற திடப்பொருள் இவ்வளவு, ஆகவே விலை இவ்வளவு என்று கணக்கு வைத்துத் தருகிறார்கள். விற்கும் பாலுக்குக் கணக்குக் கேட்கப் பழகியவர், வாங்கும் மருத்துவத்துக்குக் கணக்குக் கேட்கக் கூச வேண்டியதில்லை.

மென்பொருள் முதற்கண் நம்மிடம் கேட்பது, இது பொருளா, பணியா என்பதே. மருந்துப் புட்டி பொருள். மருத்துவர் மாட்டைச் சோதிப்பது பணி. அடுத்து அது விலையை இரண்டு கூறாகக் கேட்கிறது. ஆஸ்திரேலியாவில் தோன்றி, எவரும் விலையின்றிப் பயன்படுத்தத்தக்க வகையில் வழங்கப்படும் 'ஓப்பன்விபிஎம்எஸ்' என்ற மென்பொருளில் இம்முறை தெளிவாக இருக்கிறது. ஒன்று நிலைவிலை, மற்றொன்று அலகுவிலை. மருந்து எத்தனை அலகு செலவானாலும் நிலைவிலை ஒருமுறைதான் சேரும். அலகுவிலை அளவோடு பெருக்கப்படும்.

இதன் அருமையை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். நிறையப் பால் கறக்கும் பசு கன்று ஈன்ற இரண்டு மூன்று நாளைக்குள், திடீரெனக் கால் தள்ளாடிப் படுத்துவிடும்; கழுத்தை விலாப்புறமாக மடித்துக்கொள்ளும்; காது சில்லிட்டுப் போகும். இதற்குப் 'பால் காய்ச்சல்' என்று பெயர். பெயரில்தான் காய்ச்சல் இருக்கிறதே ஒழிய, உடற்சூடு உண்மையில் குறைந்தே இருக்கும். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து திடீரெனக் குறைந்துபோவதால் வருவது இது. கால்சியம் மருந்தை இரத்தக் குழாய் வழியே, நெஞ்சுத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே மெல்ல மெல்ல ஏற்றினால், செத்தது போலக் கிடந்த பசு கண்ணெதிரே எழுந்து நிற்பதும் உண்டு. காலம் தாழ்த்தினால் ஒரு பகலும் இரவும்கூட அது தாங்காது. பொறுத்திருந்து பார்க்கக் கூடாத நோய்களுள் இது முதன்மையானது.

இதற்கு ஒரு மருத்துவமனை என்ன விலை குறிக்கலாம்? கணக்குக்காகச் சொல்கிறேன்: மருந்து ஏற்றும் உழைப்புக்கும் குழாய், ஊசி முதலியவற்றுக்கும் நிலைவிலை 150 ரூபாய், புட்டி ஒன்றுக்கு அலகுவிலை 200 ரூபாய் என்று கொள்வோம். ஒரு புட்டி ஏற்றினால் 350 ரூபாய். இரண்டு புட்டி தேவைப்பட்டால் 550 ரூபாய். இவ்விரண்டையும் பிரிக்காமல், 'புட்டி ஒன்றுக்கு 350' என்று பட்டியலில் எழுதிவிட்டால், இரண்டு புட்டிக்கு 700 ரூபாய் ஆகிவிடும். ஒரே முறை செய்த உழைப்புக்கு இரண்டு முறை கூலி! நூற்றைம்பது ரூபாய் வேறுபாடு நகரத்தாருக்குச் சிறிதாகத் தோன்றலாம். மலைக்காட்டில் மரவள்ளிக் கிழங்கு பயிரிட்டு வாழ்வோருக்கு அது சிறிதன்று.

அலகைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் வாங்கும் அலகு வேறு, கொடுக்கும் அலகு வேறு. குடற்புழு நீக்கும் மருந்து ஒரு லிட்டர் புட்டியாக வருகிறது. ஆட்டுக்கோ அதன் எடைக்கு ஏற்ப மில்லிலிட்டர் கணக்கில் ஊட்டப்படுகிறது. புட்டி 600 ரூபாய் என்றால் மில்லிலிட்டர் 60 காசு. பத்து மில்லிலிட்டர் குடிக்கும் ஆட்டுக்கு ஆறு ரூபாய். பட்டியல் ஏற்றுபவர் கொடுக்கும் அலகில் 'மில்லிலிட்டர்' என்று எழுதிவிட்டு, விலையில் 600 என்று இட்டுவிட்டால், அந்த ஆட்டின் பற்றுச்சீட்டில் ஆறாயிரம் ரூபாய் விழும். ஆட்டின் விலையை மருந்தின் விலை தாண்டிவிட்டதே என்று கணினி வெட்கப்படாது. மனிதர்தான் பார்த்துத் திருத்த வேண்டும். ஆதலால் பட்டியலை ஏற்றிய பின், ஒரு நாய், ஒரு பசு, பத்து ஆடுகள் என்று பொய்க்கணக்காகச் சில சீட்டுகளை எழுதிப் பார்த்து, தாளில் கையால் போட்ட கணக்கோடு ஒத்துப் பார்ப்பது நல்லது. பள்ளியில் 'விடை சரிபார்த்தல்' என்று நாங்கள் சொல்லிக்கொடுத்ததுதான்.

தடுப்பூசியின் விலை இன்னும் நுட்பமானது. வெள்ளாடு செம்மறியாடுகளை வாரிக்கொண்டு போகும் ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பு மருந்து, உலர்ந்த தூளாகச் சிறு குப்பியில் வருகிறது. இருபத்தைந்து, ஐம்பது, நூறு ஆடுகளுக்கு என்று குப்பிகள் உண்டு. அதனைக் கரைத்துவிட்டால், பனிக்கட்டியில் வைத்துக்கொண்டு ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். மிஞ்சியதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ள முடியாது. அரசு முகாம்களில் இவ்வூசி விலையின்றிப் போடப்படுகிறது. முகாமைத் தவறவிட்டவர் தனியாரிடம் வருகிறார். இருபத்தைந்து ஆடுகளுக்குரிய குப்பி 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருபத்தைந்து ஆடுகள் வந்தால் ஆடு ஒன்றுக்கு 8 ரூபாய். ஏழு ஆடுகளே வந்தால், பதினெட்டு ஆடுகளுக்குரிய மருந்து மண்ணில் கொட்டப்படும். அப்போது ஆடு ஒன்றுக்கு ஏறத்தாழ 28 ரூபாய் 57 காசு. பட்டியலில் எதனை எழுதுவது? எட்டு என்று எழுதினால் மருத்துவமனைக்கு இழப்பு. இருபத்தெட்டு என்று எழுதினால் ஆட்டுக்காரர் திரும்பிப் போய்விடுவார். நோய் வந்தால் அவருடைய ஏழோடு நில்லாது, ஊர் ஆடுகளையும் பற்றும்.

அந்த மருத்துவர் இதற்குக் கண்ட வழி எனக்குப் பிடித்திருந்தது. குப்பியையே ஓர் அலகாகப் பட்டியலில் எழுதினார். ஊசி போடும் உழைப்புக்குத் தனியே ஆடு ஒன்றுக்கு ஒரு சிறு தொகை குறித்தார். குப்பியின் விலை, அன்று வந்தவர் எத்தனை பேரோ அவர்களின் ஆட்டுத்தொகைக்கு ஏற்பப் பங்கிடப்படும் என்று தமிழில் ஒரு குறிப்பையும் சேர்த்தார். அக்குறிப்பு செய்த வேலை வேடிக்கையானது. ஏழு ஆடு வைத்திருந்தவர் சீட்டைப் படித்துப் பார்த்துவிட்டு, ஊசியே போட்டுக்கொள்ளாமல் ஊருக்குச் சென்றார். அடுத்த வாரம் அண்டை வீட்டார் ஆடுகளையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு வந்தார்! விலை எவ்வாறு உண்டாகிறது என்பது தெரிந்ததும், அதனைக் குறைக்கும் வழியை அவரே கண்டுகொண்டார்.

இனி இலாபக் கணக்குக்கு வருகிறேன். கொள்விலையின் மேல் எத்தனை விழுக்காடு ஏற்ற வேண்டும் என்று மென்பொருள் கேட்கும். நம்மவர் பலர் மனத்தில் வைத்திருப்பதோ விற்ற விலையில் எத்தனை விழுக்காடு மிஞ்ச வேண்டும் என்பது. இரண்டும் ஒன்றென்று எண்ணுவது பள்ளிப் பிள்ளைகளிடம் மட்டும் உள்ள மயக்கம் அன்று. 120 ரூபாய்க்கு வாங்கிய மருந்தின் மேல் 25 விழுக்காடு ஏற்றினால் விலை 150 ரூபாய். இலாபம் முப்பது, அது விற்ற விலையில் ஐந்தில் ஒரு பங்கு, அஃதாவது 20 விழுக்காடே. விற்ற விலையில் 25 விழுக்காடு மிஞ்ச வேண்டுமானால் 160 ரூபாய்க்கு விற்க வேண்டும். அதற்குக் கொள்விலையின் மேல் மூன்றில் ஒரு பங்கு ஏற்ற வேண்டும். இது தெரியாமல் ஆண்டு முழுவதும் விற்றுவிட்டு, ஆண்டு இறுதியில் இலாபம் எங்கே போயிற்று என்று மருந்தாளுநரை ஐயுறும் முதலாளிகளும் உண்டு.

ஆனால் நாம் விரும்பிய விலைக்கெல்லாம் விற்றுவிட முடியாது. அந்த மருந்துப் பெட்டியின் மேல் அச்சிட்ட உச்ச விலை 155 ரூபாய் என்றிருந்தால், 160 ரூபாய்க்கு விற்பது சட்டப்படி குற்றம். 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை மனிதர் மருந்தோடு விலங்கு மருந்தையும் தழுவுகிறது. அதன்படி, அரசு உச்ச வரம்பு குறிக்காத மருந்துகளுக்குக்கூட, அச்சிட்ட விலையைப் பன்னிரண்டு மாதத்துக்குள் பத்து விழுக்காட்டுக்கு மேல் உற்பத்தியாளர் உயர்த்தலாகாது. அச்சிட்ட விலையில் வரி அடங்கியே இருக்கிறது என்பதையும் மறத்தலாகாது. கணினியில் 'விலையில் வரி அடக்கம்' என்று குறிக்காமல் விட்டால், 155 ரூபாயின் மேல் 5 விழுக்காடு வரி ஏறி 162 ரூபாய் 75 காசு என்று சீட்டு வந்து நிற்கும். நுகர்வோர் நீதிமன்றத்துக்கு அந்தச் சீட்டு ஒன்றே சான்றாகப் போதும்.

வரியைச் சொன்னேன். 2017ஆம் ஆண்டு சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரியில், விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் மருத்துவமனை செய்யும் மருத்துவப் பணிக்கு விலக்கு உண்டு. மருந்துக்கு வரி உண்டு. பெரும்பாலான மருந்துகளுக்கு 12 விழுக்காடாக இருந்த வரி, 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் முதல் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இவ்வாறு மாறும்போது பழைய விலையை அழித்துவிட்டுப் புதியதை அதன்மேல் எழுதுவது தவறு. இந்நாள் முதல் இந்நாள் வரை இவ்விலை என்று ஒவ்வொரு விலைக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் குறிக்க மென்பொருளில் இடம் இருக்கிறது. அவ்விடத்தை நிரப்பி வைத்தால், ஆகஸ்டு மாதம் வாங்கியதற்கு அக்டோபரில் ஒருவர் கணக்குக் கேட்டாலும் அன்றைய விலையை அன்றைய வரியோடு காட்டலாம்.

இதுவரை சொன்னது கணக்கு. இனிச் சொல்வதில் வழக்கும் உண்டு.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைக் கடந்து, வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை வெள்ளிமலைக்குச் செல்கிறது. கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறு. கள்ளக்குறிச்சியோடு சேலம் முதலிய மாவட்டங்களிலும் பரவிக் கிடப்பது. அங்கு வாழும் பழங்குடி மக்களுக்கு 'மலையாளி' என்று பெயர். கேரள நாட்டு மலையாளிகளோடு இவர்களை மயங்கிக்கொள்ள வேண்டா; இவர்கள் பேசுவது தமிழ். சிற்றூர்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்கின்றன. ஒரு மருத்துவர் வாடகை வண்டியில் ஏறி ஒரு வீட்டு மாட்டைப் பார்த்துவிட்டு இறங்கினால், மருந்துச் செலவைக் காட்டிலும் வண்டிச் செலவு மிகுந்துவிடும்.

மென்பொருளில் இடத்துக்கு இடம் வேறு விலை வைக்கும் வசதி உண்டு. நகரத்துக்கு ஒரு விலை, மலைக்கு ஒரு விலை என்று எழுதிவிடலாம். வண்டிச் செலவை ஈடு செய்ய மலையில் ஒவ்வொரு மருந்தின் மேலும் சிறிது கூட்டி வைப்பது எளிய வழி. அவ்வாறு செய்வோரும் உண்டு. நான் அதனை ஒப்பவில்லை. மருந்துக்குள் வண்டிச் செலவை ஒளித்து வைத்தால், நிறைய மருந்து வேண்டிய நோயாளி வண்டிச் செலவை நிறையச் சுமக்கிறான். மருந்தே வேண்டாத நோயாளியிடம் வண்டிக்குக் கொடுக்கக் காசு இல்லாமல் போகிறது. மருந்தும் மருத்துவர் கட்டணமும் மலைக்கும் நகரத்துக்கும் ஒன்றாக இருக்கட்டும். வண்டிச் செலவு தனி வரியாக நிற்கட்டும் என்றேன். மருத்துவரும் உடன்பட்டார். வாரத்தில் ஒரு நாள் மலைக்கு என்று குறித்தார். அன்று வண்டிக்கு 1,500 ரூபாய் என்றால், ஐந்து வீட்டுக்குப் போனால் வீட்டுக்கு 300. பத்து வீடாயின் 150. அச்செலவின் மேல் இலாபம் சேர்ப்பதில்லை. அந்த இடத்தில் சுழிதான். அவசரத்துக்கு வேறு நாளில் அழைத்தால் முழு வண்டிச் செலவும் அழைத்தவருடையது என்பதையும் தொலைபேசியிலேயே சொல்லிவிடுகிறார்கள். இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் தொகை முன்னரே தெரிந்தால், 1962ஐ அழைப்பதா, பக்கத்து வீட்டாரைக் கூட்டுச் சேர்ப்பதா, மாட்டை வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுவருவதா என்று அவர் ஆராய்ந்து முடிவு செய்ய முடியும்.

தள்ளுபடியைப் பற்றி ஒரு சொல். ஒவ்வொரு பொருளுக்கும் உச்ச அளவாக எத்தனை விழுக்காடு தள்ளலாம் என்று குறிக்கும் இடம் மென்பொருளில் உண்டு. பலர் அதனைக் கவனிப்பதே இல்லை. அதன் விளைவை நான் கண்ணாரக் கண்டேன். நகரத்தில் விலையுயர்ந்த நாயைக் காரில் கொண்டுவருபவர், பற்றுச்சீட்டைக் கண்டதும் குரலை உயர்த்துவார். மேசையில் இருக்கும் பணியாள் நூறு ரூபாய் தள்ளிவிடுவார். மலையிலிருந்து இறங்கி வந்தவர் மடியில் முடிந்த பணத்தை எடுத்து எண்ணி, சொன்ன தொகையை முழுதும் வைத்துவிட்டுப் போவார். பேரம் பேசத் தெரிந்தவருக்குச் சலுகையும், தெரியாதவருக்கு முழு விலையும்! மருத்துவரிடம் இதைச் சொன்னேன். அன்றே மருந்துகளுக்கெல்லாம் தள்ளுபடி வரம்பைச் சுழியாக்கினார். சலுகை தருவதானால் அது பணியாளின் இரக்கத்தையோ அச்சத்தையோ பொறுத்திராமல் பட்டியலிலேயே இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஆடு மாடுகளைச் சோதிக்கும் கட்டணம் குறைவாகவும், வளர்ப்பு நாய் பூனைகளுக்குச் சற்று மிகுதியாகவும் வகுக்கப்பட்டது. பின்னும் ஓரிருவர் குரல் உயர்த்தினர். கணினி தள்ளுபடியை ஏற்றுக்கொள்ளாததால், பணியாளுக்கு விடை சொல்வது எளிதாயிற்று.

மருத்துவர் சோதித்துப் பார்ப்பதற்கென்றே தனிக் கட்டணம் வேண்டுமா என்று கேட்போர் உண்டு. "ஊசி போடவில்லை, மருந்து தரவில்லை, பார்த்ததற்கா பணம்?" என்பார்கள். வேண்டும் என்பேன். அறிவுக்கு விலை இல்லை என்றால், மருத்துவர் மருந்தை விற்றுத்தான் பிழைக்க வேண்டும். வெறும் வயிற்று மந்தத்துக்கு இரண்டு நாள் தீவனத்தை மாற்றினால் போதும் என்று தெரிந்தும், ஏதேனும் ஓர் ஊசியைப் போட்டு அனுப்ப வேண்டிய நெருக்கடி உண்டாகும். நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்ட பசுவின் பாலைக் குறித்த நாள்கள் கழியும்வரை விற்கலாகாது. ஆனால் ஏழைக் குடும்பத்தில் அப்பாலைக் கீழே கொட்டுவோர் எத்தனை பேர்? அது சங்கத்துக்குப் போகும். அங்கிருந்து நம் வீட்டுக் குழந்தையின் குவளைக்கு வரும். சோதனைக் கட்டணத்தைத் தனி வரியாக்கியபின், 'மருந்து தேவையில்லை' என்று அந்த மருத்துவர் சொல்லும் நாள்கள் முன்னிலும் மிகுந்துள்ளன என்று அவரே சொன்னார்.

விலை மருந்தை ஆளும் என்பதற்கு நாடறிந்த சான்று ஒன்றும் உண்டு. டைக்ளோபினாக் என்ற வலிநீக்கி மிகவும் மலிவு. மாடுகளுக்கு நிறையப் போடப்பட்டது. அம்மருந்து உடலில் இருக்க இறந்த மாட்டைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. பாறுக்கழுகு எனப்படும் பிணந்தின்னிக் கழுகினம் இந்தியாவில் அருகிப்போயிற்று. 2006ஆம் ஆண்டில் கால்நடைக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. மெலாக்சிகம் என்ற தீங்கற்ற மாற்று அப்போதே இருந்தது. ஆனால் தொடக்கத்தில் அதன் விலை மிகுதி. ஆதலின் தடைக்குப் பின்னும், மனிதருக்கென்று விற்ற டைக்ளோபினாக் பெரிய குப்பிகள் தொழுவத்துக்குள் நுழைந்தன. 2015இல் மனிதருக்கான குப்பியின் அளவையும் மூன்று மில்லிலிட்டராகச் சுருக்க வேண்டியதாயிற்று. கீட்டோபுரோபன், அசிக்ளோபினாக் ஆகிய இரண்டும் 2023இல் கால்நடைக்குத் தடையாயின. பழைய பட்டியல்களில் இப்பெயர்கள் விலையோடு இன்னும் கிடக்கக்கூடும். அவற்றை அடியோடு நீக்கினால் பழைய பதிவுகள் கெடும். 'வழக்கிலில்லை' என்று குறித்து மூடிவிட்டால் பதிவும் இருக்கும், எவரும் தெரியாமல் எடுத்துக் கொடுக்கவும் முடியாது.

நேயர்களே, 'எவ்வளவு ஆகுமோ' என்ற தொடக்கக் கேள்விக்கு இப்போது வருகிறேன். பட்டியல் ஒழுங்காக இருந்தால், மருத்துவம் தொடங்குமுன்னரே மென்பொருள் ஒரு மதிப்பீட்டுச் சீட்டு எழுதித் தரும். அதில் குறைந்த அளவு, மிகுந்த அளவு என்று இரண்டு நிரல்கள் உண்டு. கன்று குறுக்கே நிற்கும் பசுவுக்குக் கையால் திருப்பி எடுக்க முடிந்தால் இவ்வளவு, வயிற்றைக் கீறி எடுக்க நேர்ந்தால் இவ்வளவு என்று இரண்டையும் சொல்லிவிடலாம். இவ்வேலைக்கு இன்னின்ன மருந்து, நூல், உழைப்பு வேண்டும் என்று முன்பே ஒரு தொகுப்பாக்கி வைத்துக்கொண்டால், அவசர வேளையில் ஒன்றும் விட்டுப்போகாது. பெயர்களைத் தமிழில் எழுதினோம். 'சினை ஊசி', 'நஞ்சுக்கொடி எடுத்தல்', 'மடிநோய்க்கு மருந்து ஏற்றல்' என்று மக்கள் வாயில் வழங்கும் பெயர்களே இட்டோம். எழுத்தறியாதவர்க்கு அதனைப் படித்துக் காட்டுவதும் பணியாளின் கடமை என்று வகுத்தாயிற்று. மதிப்பீட்டைக் கேட்டவர்களுள் சிலர் அரசு மருந்தகத்துக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும், நேரத்தோடு போகிறார்கள்.

கடைசியாக ஒரு வரி பட்டியலில் எழுதாமல் நெடுநேரம் நின்றது. மருத்துவம் பார்த்தும் மாடு இறந்துவிட்டால் என்ன கட்டணம் வாங்குவது? செலவான மருந்தின் கொள்விலை மருத்துவமனையின் கையிலிருந்து போனது. அதனை விட்டுவிட்டால், பல இறப்புகளுக்குப் பின் மருத்துவமனையே நில்லாது. அதற்காக இறந்த பசுவின் பக்கத்தில் நின்று இலாபம் கேட்பதும் இயலாது. காதில் எண் வில்லை பூட்டிக் காப்பீடு செய்த மாடானால், இறப்புச் சான்றிதழும் வேண்டும். அதற்கு உடலை அறுத்துச் சோதிக்க நேரும். மருத்துவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்பு 'இறந்த கால்நடை' என்று ஒரு விலைப் பிரிவு தொடங்கினார். மருந்துக்குக் கொள்விலை மட்டும், மேலேற்றம் சுழி. வண்டிச் செலவில் அவர் பங்கு மட்டும். சோதனைக் கட்டணம் சுழி. சான்றிதழுக்கு என்ன எழுதுவது என்று என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதிலும் சுழியே இட்டார்.

மருந்துகளின் உச்ச வரம்பு விலைகள் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் நாள் மாற்றியமைக்கப்படுகின்றன. ஆகவே பட்டியலின் முடிவு நாளாக மார்ச்சு 31 என்று குறித்திருக்கிறோம். அன்று மாலை மீண்டும் கணினி முன் அமர வேண்டியிருக்கிறது.